இரண்டு கதவா, நான்கு கதவா? லோடு வண்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மாங்காய் சீசனில் தேவதானம், சேத்தூர் பக்கம் காலையில் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தோப்பு வாசலில் டிரே அடுக்கி வைத்திருப்பார்கள். வண்டி வரவில்லை என்று போன் மேல் போன் போய்க்கொண்டிருக்கும். ராஜபாளையம் மண்டிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் விலை இறங்கிவிடும் என்ற கவலை தோப்புக்காரருக்கு. அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் அந்த எண்ணம் வரும்: "பேசாமல் நாமே ஒரு வண்டி வாங்கிப்போட்டால் என்ன?"

இந்த எண்ணம் இப்போது இன்னும் பல பேருக்கு வந்திருக்கிறது. காரணம், 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கம்பெனிகளும் நீளமான பாடி வைத்த புதுப்புது மாடல்களை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. எந்த வண்டி வாங்குவது, இரண்டு கதவு வைத்த நீளப் பாடி வண்டியா, ஐந்து பேர் உட்காரும் டபுள் கேபின் வண்டியா, அல்லது வாடகை வண்டியே போதுமா என்பதை விவசாயி எப்படி முடிவு செய்யலாம் என்று பார்ப்போம்.

வரி குறைந்ததில் உங்களுக்கு எவ்வளவு?

வரிக்கு முன் 7 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 28 சதவீத வரியில் அது 8 லட்சத்து 96 ஆயிரம். 18 சதவீதத்தில் 8 லட்சத்து 26 ஆயிரம். வித்தியாசம் 70 ஆயிரம் ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் வியாபாரி, சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியைத் தன் வியாபார வரியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. பதிவு இல்லாத விவசாயிக்கு அந்த வழி இல்லை. கட்டிய வரி முழுவதும் அவர் கையில் இருந்து போனதுதான். ஆகவே இந்த வரிக் குறைப்பின் பலன் விவசாயிக்குத்தான் முழுதாகக் கிடைக்கிறது. ஷோரூமில் விலைப்பட்டியல் கேட்கும்போது வரிக்கு முந்தைய விலையையும் வரியையும் தனித்தனியாக எழுதி வாங்கிப் பாருங்கள்.

அதே நாளில் டிராக்டருக்கும் வேளாண் டிரெய்லருக்கும் வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஏற்கெனவே டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வயலில் இருந்து களத்துக்கும், ஊருக்குள்ளும் நெல், வைக்கோல், எரு அடிக்க டிரெய்லர் போதும். மண்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பழம், காய், பூவுக்குத்தான் லோடு வண்டி தேவை.

குட்டி யானை வந்த பிறகு

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தோம். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம், இரண்டு கதவு, சுமார் 7 அடி பாடி. மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் ஒன்றும் இல்லாமல் இருந்த இடத்தை அது நிரப்பியது. 2011-ல் ஒன்றேகால் டன் பாரத்துடன் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மாருதி சூப்பர் கேரி, மஹிந்திரா ஜீத்தோ, டாடா இன்ட்ரா என்று வரிசை நீண்டது. 2023-ல் வந்த பொலேரோ மேக்ஸ் பிக்அப் வரிசையில் பாடி நீளம் 10 அடி வரைக்கும், பாரம் 2 டன் வரைக்கும் போய்விட்டது. அதில் 1.7 டன் பாரம் ஏற்றும் வண்டியே சாதாரண நீளத்திலும், கூடுதல் நீளத்திலும் இரண்டு விதமாக வருகிறது. பாரம் அதேதான், நீளம் மட்டும் கூடுதல். அதற்குத் தனியாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்றால் நீளத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்றுதானே பொருள்!

இங்கே நடப்பதற்கு நேர் எதிராக அமெரிக்காவில் நடக்கிறது. அங்கே சிறிய பிக்அப் வண்டிகள் மெல்ல மெல்ல கார்களாக மாறிவிட்டன. 2021-ல் வந்த ஃபோர்டு மேவரிக் நான்கு கதவில் மட்டுமே கிடைக்கிறது. பாடி நீளம் நாலரை அடிதான். இதனால் அங்குள்ள சில விவசாயிகள் ஜப்பானில் இருந்து 25 வருடத்துக்கு மேல் பழைய குட்டி டிரக்குகளை இறக்குமதி செய்து தோட்டத்தில் ஓட்டுகிறார்கள். நம் குட்டி யானையைப் போன்ற இரண்டு கதவு வண்டிகள் அவை. 2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற புது கம்பெனி இரண்டு பேர் மட்டும் உட்காரும் பிக்அப்பை அறிவித்தபோது அங்கே பெரிய பேச்சாக இருந்தது. அவர்கள் தேடி அலைவது நமக்கு ராஜபாளையம் ஷோரூமிலேயே கிடைக்கிறது. அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கேபின் குறைந்தால் பாடி நீளும்

வண்டியின் மொத்த நீளம் ஒன்றுதான். அதை கேபினும் பாடியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பின் இருக்கை ஒரு வரிசை வைத்தால் பாடியில் ஏறக்குறைய மூன்று அடி போய்விடும். பொலேரோ கேம்பர் போன்ற டபுள் கேபின் வண்டியில் ஐந்து பேர் உட்காரலாம். பாரம் சுமார் ஒரு டன். ஏறத்தாழ அதே அளவுள்ள இரண்டு கதவு வண்டி ஒன்றரை டன், அதற்கு மேலும் ஏற்றும்.

ஆகவே வாரத்தில் எத்தனை நாள் ஆள் ஏற்றப்போகிறீர்கள், எத்தனை நாள் சரக்கு ஏற்றப்போகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு காராகவும் இருக்கட்டும், தோப்புக்கும் ஆகட்டும் என்று டபுள் கேபின் வாங்கியவர்கள் பலர் சீசன் நேரத்தில் மறுபடி வாடகை வண்டி பிடிப்பதைப் பார்க்கிறோம்.

எந்தச் சரக்குக்கு நீளம் பயன்படும்?

எல்லாச் சரக்குக்கும் நீளப் பாடி லாபம் இல்லை. சரக்கை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: இடத்தை அடைக்கும் சரக்கு, எடை கூடிய சரக்கு.

வைக்கோல், பருத்தி, பூ மூட்டை, வாழை இலைக்கட்டு, காலி டிரே ஆகியவை இடத்தை அடைப்பவை. வண்டி நிறைந்துவிடும், ஆனால் எடை பாதிகூட வந்திருக்காது. இவற்றுக்கு நீளப் பாடி நேரடி லாபம். ஒவ்வொரு நடையிலும் கூடுதலாக ஏற்றலாம்.

டி.ஏ.பி. மூட்டை, நெல் மூட்டை, மணல், சிமெண்ட் ஆகியவை எடை கூடியவை. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 34 போட்டால் 1.7 டன் ஆகிவிடும். 10 அடி பாடியில் அது மூன்று வரிசைகூடத் தாண்டாது. மேலே இடம் காலியாகக் கிடக்கும். "இன்னும் பத்து மூட்டை போடலாமே" என்று தோன்றும். வண்டியைக் கெடுப்பது அந்த நினைப்புதான். நீளம் என்பது இடம் மட்டும்தான். தாங்கும் சக்தி அச்சிலும் டயரிலும் ஸ்பிரிங் பட்டையிலும் இருக்கிறது.

தேங்காய் இரண்டுக்கும் நடுவில் வரும். உரித்த காய் ஒன்று அரை கிலோவுக்கு மேல் இருக்கும் என்று வைத்தால், சுமார் 3,000 காய்க்கு 1.7 டன் ஆகிவிடும். தேங்காயைக் கண்ணால் பார்த்து ஏற்றாமல் எண்ணிக்கை வைத்து ஏற்றுவது நல்லது.

மாங்காய்க்கு வருவோம். 54 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் டிரேயில் 20 கிலோ காய், டிரே எடை 2 கிலோ, மொத்தம் 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

குட்டி யானை: 7 அடி சொச்சம் நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். ஓர் அடுக்குக்கு 16 டிரே. இரண்டு அடுக்கு போட்டால் 32 டிரே, 704 கிலோ. முக்கால் டன் கணக்கு அதோடு முடிந்தது. மூன்றாவது அடுக்கு போட்டால் 1,056 கிலோ, அதாவது அனுமதியைவிட 300 கிலோ அதிகம்.

8 அடி நீளம், 5½ அடி அகலமுள்ள 1.7 டன் வண்டி: ஓர் அடுக்குக்கு 18 டிரே. நான்கு அடுக்கில் 72 டிரே, 1,584 கிலோ.

10 அடி நீளம், அதே அகலம், அதே பாரம்: ஓர் அடுக்குக்கு 24 டிரே. மூன்று அடுக்கிலேயே 72 டிரே.

கடைசி இரண்டு வண்டியும் ஏற்றுவது ஒரே அளவுதான். ஆனால் நீளப் பாடியில் ஓர் அடுக்கு, ஏறக்குறைய ஓர் அடி உயரம், குறைகிறது. உயரம் குறைந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும். கயிறு கட்டுவது சுலபம். மேலடுக்கை ஏற்றி இறக்கும் ஆளுக்குத் தோள்வலி குறைவு. காய் அடிபடுவதும் குறையும். மாங்காய்க்கு நீளப் பாடியின் லாபம் இதுதான். அதிகக் காய் ஏற்றலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

நீளத்தால் வரும் சிக்கல்கள்

முதலாவது, தோப்புப் பாதை. தேவதானத்தில் சாஸ்தா கோவில் அணைப் பக்கம், மலையடிவாரம் நோக்கிப் போகும் தோப்புப் பாதைகள் எல்லாம் தார் ரோடு இல்லை. ஓடைக்கரை, வாய்க்கால் பாலம், முள்வேலிக்கு நடுவில் வண்டித்தடம் என்றுதான் இருக்கும். நீளமான வண்டிக்குத் திரும்ப அதிக இடம் வேண்டும். தோப்புக்குள் நுழைய முடியாமல் ரோட்டில் நிறுத்தி, அரை கிலோமீட்டர் தலைச்சுமையாக டிரே தூக்கினால், வண்டியில் மிச்சம் பிடித்தது கூலியில் போய்விடும். வாங்கும் முன் வாடகைக்கு அதே அளவு வண்டி ஒன்றைப் பிடித்து உங்கள் தோப்புக்குள் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். மழைக்குப் பிறகு ஒரு முறை பார்த்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, பாரம் வைக்கும் இடம். நீளப் பாடியில் பின்பக்கம் அச்சைத் தாண்டி நீண்டிருக்கும். எடை கூடிய மூட்டைகளைப் பின்கதவை ஒட்டி அடுக்கினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். ஸ்டியரிங் பிடிப்பு குறையும். ஏற்றத்தில் இது ஆபத்து. கனமான மூட்டையைக் கேபினை ஒட்டியும் அச்சுக்கு மேலும் வையுங்கள். இலேசானது பின்னால் போகட்டும்.

மூன்றாவது, எரிபொருள். சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரின் எடை பாரத்தில் கழியும். மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோல் வண்டி 740 கிலோ ஏற்றும், சி.என்.ஜி. வண்டி 625 கிலோதான். டிரே கணக்கில் ஐந்து டிரே குறைவு. எரிவாயு நிரப்பும் இடம் உங்கள் வழியிலேயே இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

பாடியில் ஆள் ஏற்றினால்

சீசன் நேரத்தில் காய் பறிக்கவும் களை எடுக்கவும் ஆட்களைப் பக்கத்து ஊரில் இருந்து கூட்டி வர வேண்டியிருக்கிறது. இரண்டு கதவு வண்டியில் கேபினில் இடம் இல்லை. பாடியோ 10 அடி காலியாக இருக்கிறது. இருபது பேரை நிற்க வைத்துக் கூட்டி வந்துவிடுகிறோம். இது நம் எல்லா ஊரிலும் நடக்கிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சரக்கு வண்டியின் பாடி மனிதர்கள் பயணம் செய்ய அல்ல. வண்டியில் எத்தனை பேர் போகலாம் என்பது ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. காப்பீட்டுச் சட்டம் காப்பது சரக்கின் சொந்தக்காரரையும் அவர் அனுப்பும் பிரதிநிதியையும்தான். அவர்களும் கேபினில் உட்கார்ந்து வர வேண்டும்.

இதன் பொருள் என்ன? வண்டி கவிழ்ந்து கூலிக்கு வந்த ஒரு பெண் இறந்துபோனால், நஷ்டஈடு வண்டிச் சொந்தக்காரரிடம் இருந்து வசூலாகும். பல லட்சம் ரூபாய் வரலாம். தோப்பே கைமாறிப் போகும். அதைவிட முக்கியம், அந்தப் பெண்ணின் பிள்ளைகள். காலையில் நம் தோப்புக்கு வேலைக்கு என்று கிளம்பியவர் வீடு திரும்பவில்லை என்றால் எந்த நஷ்டஈடும் ஈடு ஆகாது.

எனவே ஆட்களுக்கு ஆட்டோ அல்லது வேன் தனியாகப் பேசுங்கள். நான்கைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே வேன் பேசினால் செலவு தாங்கக்கூடியதுதான். தினமும் மூன்று நான்கு ஆட்கள் கட்டாயம் போக வேண்டும், சரக்கு ஒரு டன்னுக்குள்தான் என்றால், உங்களுக்கு டபுள் கேபின்தான் சரியான வண்டி. லோடு ஏற்றி இறக்க உடன் வருபவர்களுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டிக் காப்பு சேர்க்க முடியும். பாலிசி எடுக்கும்போதே கேட்டு, எத்தனை பேருக்கு என்று பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

உரிமம், பர்மிட், அபராதம்

ஓட்டுநர் உரிமம் பற்றிய குழப்பம் இப்போது தீர்ந்துவிட்டது. 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம். தனி அனுமதி தேவையில்லை. நாம் பேசும் எல்லா லோடு வண்டிகளும் இதற்குள் வந்துவிடும். உங்கள் மகனிடம் கார் உரிமம் இருந்தால் போதும். ஆனால் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

பர்மிட்டுக்கு எல்லை 3,000 கிலோ. வண்டியின் மொத்த எடை, அதாவது வண்டி எடையும் பாரமும் சேர்ந்து, 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. தாண்டினால் தேவை. சிறிய வண்டிகள் இதற்குள் வரும். நீளப் பாடி, 1.7 டன், 2 டன் என்று போகும்போது எல்லை தாண்டிவிடும். ஷோரூமில் "பாரம் எவ்வளவு" என்று மட்டும் கேட்காமல் "மொத்த எடை எவ்வளவு" என்றும் கேளுங்கள். இந்த மொத்த எடையில் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் எடையும் சேரும்.

கூடுதல் பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருக்கும்படி ஏற்றினாலும், அளவு மீறி உயரமாக ஏற்றினாலும் 20,000 ரூபாய்தான். வைக்கோல் ஏற்றுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து டிரே கூடுதலாக ஏற்றி மிச்சம் பிடிப்பதை ஒரே நாளில் இழக்க வேண்டிவரும்.

எஃப்.சி. செலவையும் மறக்க வேண்டாம். புது வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஒவ்வொரு வருடமும். சரக்கு வண்டியாகப் பதிவானது, உங்கள் சொந்த விளைச்சலை மட்டும் ஏற்றினாலும் சரக்கு வண்டிதான்.

சொந்த வண்டியா, வாடகையா?

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

7 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 14,900 ரூபாய். வருடத்துக்கு 1 லட்சத்து 78 ஆயிரம். காப்பீடு, வரி, டயர், சர்வீஸ், எஃப்.சி. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 50 ஆயிரம் என்று வைத்தால் மொத்தம் 2 லட்சத்து 28 ஆயிரம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது.

ஒரு நடைக்கு வாடகை 2,500 ரூபாய் என்றும், சொந்த வண்டியில் டீசலும் ஓட்டுநர் கூலியும் 1,000 ரூபாய் என்றும் வைத்தால், ஒரு நடையில் மிச்சம் 1,500. இரண்டு லட்சத்து 28 ஆயிரத்தை 1,500-ஆல் வகுத்தால் 152. அதாவது வருடத்துக்கு 152 நடை ஓடினால்தான் சொந்த வண்டி வாடகைக்குச் சமமாகும்.

மாந்தோப்பு மட்டும் வைத்திருப்பவருக்கு சீசனே மூன்று மாதம்தான். தினமும் ஓடினாலும் 90 நடை. மீதி ஒன்பது மாதம் வண்டி வாசலில் நிற்கும், தவணை நிற்காது. தென்னை, நெல், எலுமிச்சை, மாடு என்று பல வகை வைத்திருப்பவருக்கு வருடம் முழுக்க வேலை இருக்கும். அல்லது வீட்டில் ஒருவர் சீசன் இல்லாத நாளில் வாடகைக்கு ஓட்டத் தயாராக இருந்தால் கணக்கு கட்டிவரும். தவணை முடிந்த பிறகு வண்டி கையில் நிற்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

நடை எண்ணிக்கை குறைவாக உள்ளவர்களுக்கு வேறு வழி உண்டு. பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டிக்காரரிடம் சீசன் முழுவதற்கும் பேசிக்கொள்ளலாம். காலையில் எத்தனை மணிக்கு எந்தத் தோப்பு என்று முன்கூட்டியே முறை வைத்துக்கொண்டால், சொந்த வண்டி வாங்கத் தூண்டிய அந்தக் காத்திருப்பு பாதி குறைந்துவிடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருந்தால், வண்டியை நிறுவனத்தின் பெயரில் வாங்கலாமா என்று கூட்டத்தில் பேசிப் பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு வாரம்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். போன வருடம் எந்த மாதம் எத்தனை நடை, என்ன சரக்கு, எத்தனை கிலோ, எவ்வளவு வாடகை என்று நினைவுள்ளவரை எழுதுங்கள்.

வருடத்துக்கு 150 நடைக்கு மேல் வந்து, இடத்தை அடைக்கும் சரக்கோ டிரே சரக்கோ அதிகம் என்றால் இரண்டு கதவு நீளப் பாடி வண்டி ஏற்றது. மூட்டைச் சரக்கு அதிகம் என்றால் நீளத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், பாரம் கூடிய சாதாரண நீள வண்டி போதும். பாதை குறுகல், ஒரு நடைக்கு முக்கால் டன்தான் என்றால் குட்டி யானை அளவே போதும். ஆட்கள் தினமும் போக வேண்டும் என்றால் டபுள் கேபின். நடை நூறுக்கும் குறைவு என்றால் வாடகை.

பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக வாங்க வேண்டாம். அவர் தோப்பும் பாதையும் வேறு, உங்களுடையது வேறு. எந்த வண்டி வாங்கினாலும் சரி, வாடகைக்குப் பிடித்தாலும் சரி, பாடியில் சரக்கு மட்டும் போகட்டும். ஆட்கள் இருக்கையில் உட்கார்ந்து வரட்டும்.